விளங்காமல் எழுதிய கொப்பி

கோல்ஃபீல்ட், மெல்பேண்
4 ஜூன் 1978

அன்புள்ள தம்பி விக்னராஜாவுக்கு,

அக்கா எழுதுகிறேன். கையெழுத்தைக் கண்டதும் கிழித்துப் போட்டுவிடாதே. உன் சிட்னி விலாசத்தை உன்னோடு படித்த சிறிதரனிடம் கெஞ்சித்தான் வாங்கினேன், அவனைக் கோபிக்காதே. ஐந்து வருடமாக நான் உன்னிடம் ஒன்றும் கேட்டதில்லை. இப்போது ஒன்று கேட்கப் போகிறேன். அதுவும் எனக்காக இல்லை.

நான் தாதியாக இருக்கும் முதியோர் இல்லத்தில் ரிவ்கா வைன்ட்ராப் என்று ஓர் அம்மா இருக்கிறார். போலந்து யூதர், எழுபது வயது, பேனை பிடிக்க முடியாத கைநடுக்கம். இவருடைய கணவர் ஹெர்ஷல் ஒரு கவிஞர். ஹிட்லரின் ஆட்கள் அந்த ஊர் யூதர்களை எல்லாம் ஒரு மூலைக்குள் அடைத்து முள்ளுக்கம்பி போட்டு வைத்திருந்த காலம் முழுக்க அந்த மனிதர் எழுதியிருக்கிறார். எழுதிய கடதாசி பிடிபட்டால் சாவு. முதலில் எழுதிய ஒரு முழுக் கொப்பி எப்படியோ தொலைந்துபோனதாம். எப்படி என்று கேட்டேன், சொல்லவில்லை. அதன் பிறகு இருவரும் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். கணவர் அவர்களுடைய யிடிஷ் பாஷையில் ஒரு கவிதை எழுதுவார். இவர் அதைப் பாடமாக்குவார். பிழையில்லாமல் மூன்று தரம் ஒப்புவித்ததும் கடதாசி அடுப்புக்குள் போகும்.

இந்த இடத்தில் எனக்குப் பேனை ஓடவில்லை. ஏன் என்று உனக்குத் தெரியும்.

44இல் கணவரை ரயிலில் ஏற்றிவிட்டார்கள். அவர் திரும்பி வரவில்லை. நாற்பத்தொரு கவிதைகள் இவருடைய தலைக்குள் இருந்தபடியால் பிழைத்துக்கொண்டன. கடதாசியில் ஏற்றினால் தலை மறந்துவிடும் என்ற பயத்தில் எழுதாமலே முப்பது வருடம் வைத்திருந்தார். போன மாசியில் ஒரு காலை என்னைக் கூப்பிட்டு, இருபதாவது கவிதை நாக்குக்கு வரவில்லை என்றார்.

ரேப் ரெக்கோடர் கொண்டு போனேன். சிவப்பு வெளிச்சம் எரிந்ததும் வாயை மூடிக்கொண்டார். அவருடைய ஆட்களைக் கூப்பிடுவோமா என்றால், அதற்கும் மாட்டேன் என்றார். கணவர் அந்த அடைப்புக்குள் ஹிட்லரின் ஆட்கள் வைத்த நிர்வாக சபையில் எழுத்து வேலை பார்த்தவர் என்று இங்கே சிலர் அவர் பெயரையே எடுக்க விடுவதில்லையாம். கடைசியில் என் கையைப் பிடித்துச் சொன்னார்: "நீ எழுது. உனக்கு விளங்காது. விளங்காத ஆள்தான் எனக்கு வேண்டும். விளங்குகிறவர்கள் திருத்துவார்கள்."

எழுதினேன், தமிழ் எழுத்தில். சமஸ்கிருத மந்திரங்களை விளங்காமலே தமிழில் எழுதிவைத்துப் பாடமாக்கினோமே, அதே மாதிரி. நம் எழுத்துக்குள் அடங்காத சத்தங்களுக்குக் கீழே புள்ளி வைத்தேன். பதினொரு கிழமையில் நாற்பது கவிதைகள். இருபதாவது வரவேயில்லை.

இரண்டு கிழமைக்கு முன் அவருக்குப் பாரிசவாதம் வந்து பேச்சு நின்றுவிட்டது.

சிட்னியில் பொண்டாயில் சல்மன் பிராகர் என்று ஒருவர் இருக்கிறார். அச்சுக்கோர்த்து ஓய்வு பெற்றவர், கணவரின் சிநேகிதர். "சல்மன்தான் எழுதவேண்டும், வேறு ஆள் வேண்டாம்" என்று அம்மா முன்பே சொல்லியிருந்தார். அவருக்குக் காது மந்தம், ரெலிபோனில் ஒன்றும் கேளாது. எனக்கு லீவு தரமாட்டார்கள். நீ கொப்பியைப் பார்த்து உரத்து வாசித்தால் அவர் தன் எழுத்தில் எழுதிவிடுவார். தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒருவர்தான் இதைச் செய்யலாம். சிட்னியில் எனக்கு வேறு யாரைத் தெரியும்?

அக்கா
சிவனேஸ்வரி


ஹோம்புஷ், சிட்னி
15 ஜூன் 1978

அக்காவுக்கு,

கிழிக்கவில்லை. நான்கு நாளாகச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். ரயில்வே வரைபட அறையில் இரண்டு தரம் பிழையான கோடு போட்டு ஏச்சு வாங்கினேன். உங்களுக்கு அது திருப்தியாக இருக்கும்.

எழுபத்துமூன்றில் நம் ஊரில் அரசாங்கத்துக்குக் கருப்புக்கொடி காட்டிய பெடியன்களைப் பொலிஸ் அள்ளிக்கொண்டிருந்த நேரம். நான் என் சிநேகிதன் இந்திரகுமாரோடு வெளியே போய்த் திரும்பி வந்தபோது குசினி அடுப்பில் என் நீலக் கொப்பியின் அட்டை மட்டும் சுருண்டு கிடந்தது. அறுபத்தெட்டுக் கவிதைகள். ஜீப் சத்தம் கேட்டது என்றீர்கள். அந்த ஜீப் நம் ஒழுங்கைக்குள் திரும்பவே இல்லை அக்கா. சந்தியால் நேரே போய்விட்டது. அன்றும் வரவில்லை, அடுத்த நாளும் வரவில்லை, ஒருநாளும் வரவில்லை. ஒரு வெறும் ஜீப் சத்தத்துக்காக நீங்கள் என்னை அடுப்பில் வைத்தீர்கள். அதற்குப் பிறகு நான் ஒரு வரிகூட எழுதவில்லை.

அந்த அம்மாவும் எரித்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் பாடமாக்கிவிட்டு எரித்தார். நீங்கள் என்ன பாடமாக்கினீர்கள்?

இப்போது இன்னொருவரின் கவிதையைக் காப்பாற்ற என் தொண்டை வேண்டுமாம். வேறு யாரையும் பாருங்கள். இங்கே தமிழ் ஆட்கள் இல்லாமல் இல்லை. நாகராஜன் என்று ஓர் இந்தியத் தமிழர் எங்கள் கந்தோரில் இருக்கிறார், நல்ல குரல்.

விக்னராஜா


மெல்பேண்
21 ஜூன் 1978

தம்பி,

கொப்பியைப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். இந்தக் கடிதத்துக்கு முன்னாலேயே வந்து சேர்ந்திருக்கும். நாகராஜனிடம் கொடுக்கலாம் என்றால் கொடு. ஆனால் நானிட்ட அடையாளங்கள் அவருக்கு விளங்காது, உனக்கு விளங்கும். அம்மா மூச்சு எடுத்த இடத்தில் சரிந்த கோடு. நிறுத்தி அழுத இடத்தில் சின்ன வட்டம். சின்ன வயதில் தேவாரம் பாடமாக்க உனக்குக் குறித்துத் தந்த அதே அடையாளங்கள்தான், வட்டத்தைத் தவிர.

நகல் எடுக்கவில்லை. எடுத்திருக்க வேண்டும். அம்மாவுக்குக் காய்ச்சல் என்று வார்டுக்குள் ஓடிக்கொண்டிருந்தேன், தபாலில் போட்டுவிட்டு வந்த பிறகுதான் உறைத்தது. நீ கோபத்தில் என்ன செய்வாய் என்று எனக்குத் தெரியாது. நான் உனக்குச் செய்ததை நீ எனக்குச் செய்ய விரும்பினால், இப்போது உன் கையில் கொப்பி இருக்கிறது. அதைச் சொல்லாமல் இருப்பதைவிடச் சொல்லிவிடுவது நல்லது என்று நினைத்தேன்.

நீ கேட்டதற்கு நான் இன்னும் பதில் எழுதவில்லை என்பது தெரியும். இரண்டு தரம் எழுதிப் பார்த்தேன், நியாயம் பேசுவது போல வந்தது. கொஞ்சம் பொறு.

அம்மா கண் திறந்துதான் இருக்கிறார். நான் பக்கத்தில் போனால் விரல் கணுக்களை ஒவ்வொன்றாகத் தொடுகிறார். கவிதைகளை எண்ணுகிறார் என்று நினைக்கிறேன். கேட்டால் சொல்ல வாய் இல்லை. கொப்பி எங்கே என்று கண்ணால் மேசையைத் தேடுகிறார். சல்மனிடம் போகிறது என்று சொல்லியிருக்கிறேன். என்னைப் பொய்க்காரியாக்காதே.

அக்கா


சிட்னி
3 ஜூலை 1978

அக்காவுக்கு,

நகல் எடுக்காமல் அனுப்பியிருக்கிறீர்கள். உங்களுக்கு விசரா? கொப்பியை அறையில் வைக்கப் பயம், கந்தோருக்குக் கொண்டு போகவும் பயம். குடையை ரயிலில் மறந்துவிட்டு வருகிறவன் நான். இரண்டு நாள் நெஞ்சோடு கட்டிக்கொண்டு திரிந்து பார்த்துவிட்டு, இந்தத் தொல்லையை இறக்கி வைப்போம் என்றுதான் நேற்று பொண்டாய்க்குப் போனேன். உங்களுக்காக என்று நினைக்க வேண்டாம்.

சல்மன் பிராகர் மூன்றாம் மாடியில் இருக்கிறார். சின்ன மனிதர், கடற்காற்றுக்குக் கதவு அடித்துக்கொண்டே இருக்கிறது. ரிவ்கா என்ற பெயரை நான் மூன்று தரம் கத்திச் சொன்ன பிறகு, கதிரையை எனக்குப் போட்டுவிட்டு அவர் கட்டிலில் இருந்தார். பிறகு கொப்பியை வாங்கிப் பின்பக்கத்திலிருந்து திறந்தார். அவர்களுக்கு அதுதான் முதல் பக்கமாம். நம் எழுத்தைக் கண்டு, இது கொடிமல்லிகை படர்ந்த வேலி மாதிரி இருக்கிறதே என்றார்.

நான் வாசித்தேன். கத்தித்தான் வாசித்தேன். பக்கத்து வீட்டுக்காரி சுவரில் தட்டினாள். முதல் கவிதையை முடித்துவிட்டு நிமிர்ந்தால் மனிதர் கண்ணீர் வரச் சிரிக்கிறார். என் யிடிஷ் எந்த ஊர் யிடிஷ் என்று கேட்டார். ரயில் நிலையத்து அறிவிப்பு மாதிரி இருக்கிறதாம். எனக்கு வந்த கோபத்துக்கு எழும்பிப் போயிருப்பேன். அப்போதுதான் உங்கள் சரிந்த கோடுகள் ஞாபகத்துக்கு வந்தன. திரும்பவும் தொடங்கி, கோடு போட்ட இடத்திலெல்லாம் மூச்சு எடுத்து மெல்ல வாசித்தேன். அவர் சிரிப்பு நின்றது. நாலாவது வரியில் கையைத் தூக்கினார். "இது ரிவ்காவின் மூச்சு. அவள் எப்பவும் சொல்லுக்கு நடுவில்தான் மூச்சு எடுப்பாள்" என்றார்.

நீங்கள் வலப்பக்கங்களில் மட்டும் எழுதி இடப்பக்கங்களை வெறுமையாக விட்டிருந்தது நல்லதாகப் போயிற்று. அவர் அங்கே எழுதுகிறார், மைப் பேனையால், வலமிருந்து இடமாக. நம்முடையது இடமிருந்து வலமாகப் போகிறது. இரண்டும் நடுவில் உள்ள தையலிலிருந்து புறப்பட்டு ஆளுக்கொரு பக்கமாகப் போகின்றன.

ஒன்பது முடிந்தது. அடுத்த ஞாயிறு திரும்பப் போகவேண்டும். தொண்டை கட்டிவிட்டது.

விக்னராஜா


மெல்பேண்
8 ஜூலை 1978

தம்பி,

உன் கடிதத்தை அம்மாவுக்கு ஆங்கிலத்தில் சொன்னேன். ரயில் நிலையத்து அறிவிப்பு என்றதும் வாயின் ஒரு பக்கம் சிரித்தது. மற்றப் பக்கம் அசையாது.

சுக்கும் தேனும் குடி. ஐஸ் தண்ணீர் குடிக்காதே. நீ குடிப்பாய் என்று தெரியும்.

அக்கா


சிட்னி
17 ஜூலை 1978

அக்கா,

போன ஞாயிறு இருபத்திரண்டு வரை போனோம். நேற்று நடந்ததை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. கந்தோருக்குப் போகவில்லை. காலையிலிருந்து அறைக்குள் நடந்துகொண்டிருக்கிறேன்.

இருபத்துமூன்றாவதை வாசிக்கத் தொடங்கினேன். இரண்டாவது வரியிலேயே அவருடைய பெயர் வந்தது. சல்மன். எனக்கு விளங்கிய ஒரே சொல் அதுதான், சந்தோஷத்தில் கொஞ்சம் உரத்தே வாசித்துவிட்டேன். நிமிர்ந்தால் பேனை எழுதவில்லை. முடித்தேன். அவர் எழும்பி, தேத்தண்ணிக்குக் காஸ் அடுப்பை மூட்டினார். கேத்தலை வைக்க மறந்துவிட்டார். வெறும் நெருப்பு எரிந்துகொண்டிருந்தது. அடுப்பைப் பார்த்தபடியே, அந்தக் கொப்பி ஒற்றையைக் கிழித்துத் தா, நீ அதை வாசிக்கவில்லை என்று வைத்துக்கொள், இருபதாவது ஏற்கெனவே தொலைந்துபோனதுதானே, இரண்டாக இருக்கட்டும் என்றார்.

என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். சொன்னார். பிறகு சொல்லிக்கொண்டே இருந்தார்.

தொலைந்துபோன முதல் கொப்பி இவரிடம்தான் கொடுக்கப்பட்டிருக்கிறது. ஹெர்ஷல் தன் மேற்சட்டையின் உட்துணிக்குள் கவிதைகளைத் தாள் தாளாக வைத்துத் தைத்து இவருக்குப் போட்டுவிட்டிருக்கிறார். கம்பிக்கு வெளியே வேலைக்குப் போகும் கூட்டத்தில் இவர் இருந்தார், எங்காவது புதைத்துவிட வேண்டும் என்பது ஏற்பாடு. இவருக்கு ஐந்து வயதில் ஒரு மகள், காய்ச்சலில் கிடந்தாள். வெளியே ஒருவனிடம் மேற்சட்டையை விற்று ரொட்டி வாங்கி வந்துவிட்டார்.

"தாள்களைப் பிரித்து எடுக்க நேரமில்லை என்று முப்பத்தைந்து வருடமாக எனக்கே சொல்லி வருகிறேன். நேரம் இருந்தது. தாள் இருந்தால் சட்டை தடிப்பாகத் தெரியும். தடிப்பான சட்டைக்கு ஒரு ரொட்டி அதிகம்" என்றார்.

மகள் அந்தப் பனிக்காலத்திலேயே போய்விட்டாள். ஹெர்ஷலிடம், சட்டையைப் பறித்துவிட்டார்கள் என்று பொய் சொல்லியிருக்கிறார். ஹெர்ஷலுக்கு உண்மை தெரிந்திருக்கிறது என்பது நேற்றுத்தான் இவருக்குத் தெரியும், நான் கத்திச் சொல்லி. கவிதையின் கடைசி வரி இதுதானாம்: சல்மன், ரொட்டி சூடாக இருந்ததா?

அக்கா, நான் ஒற்றையைப் பிடித்தபடி நின்றேன். அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. எனக்குக் கிழிக்கலாம் போலிருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன். எதிரே எழுபத்தைந்து வயது மனிதர் கைலேஞ்சியால் மூக்கைத் துடைத்துக்கொண்டு நிற்கிறார். செத்துப்போனவரின் கவிதை பெரிதா, உயிரோடு இருக்கிற இந்த மனிதர் பெரிதா? எனக்குள் ஒரு பக்கம் உடனே பதில் சொல்லிற்று. அந்தப் பதில் எனக்குப் பிடிக்கவில்லை, ஏனென்றால் அது உங்களுடைய பதில்.

கிழிக்கவில்லை. அடுப்பை நிறுத்திவிட்டு, அடுத்த கிழமை பேசுவோம் என்று கொப்பியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். வாசல் வரை வந்தார். ரிவ்கா அந்தக் கடைசி வரியை எப்படிச் சொன்னாள் என்று கேட்டார். கோபமாகவா, ஏளனமாகவா? என் வாசிப்பில் அது தெரியவில்லையாம். உங்கள் கொப்பியில் அந்த இடத்தில் கோடும் இல்லை, வட்டமும் இல்லை. அவர் சொல்லக் கேட்டது நீங்கள்தான். எப்படிச் சொன்னார்?

பஸ்ஸில் வரும்போது என் நீலக் கொப்பியில் இந்திரகுமாரின் பெயர் எத்தனை இடத்தில் இருந்தது என்று எண்ணிப் பார்த்தேன். பதினாலில் நிறுத்திவிட்டேன்.

விக்னா


மெல்பேண்
22 ஜூலை 1978

என் தம்பிக்கு,

எப்படிச் சொன்னார் என்று எனக்கு நினைவில்லை. விளங்காமல் எழுதினேன், எல்லா வரியும் எனக்கு ஒன்றுதான். இல்லாததை எழுதி அந்த மனிதரை ஆறுதல்படுத்தலாமா என்று ஒருநாள் முழுக்க யோசித்தேன். பிறகு அம்மாவிடமே கேட்டால் என்ன என்று தோன்றிற்று.

கொப்பி உன்னிடம் இருக்கிறது. ஆனால் நீ கடைசி வரியின் பொருளை எழுதியிருந்தாயே, அதை ஆங்கிலத்தில் அவர் காதோடு சொன்னேன். சல்மன் வரியைக் கேட்டுவிட்டார், கோபமா என்று தெரியாமல் தவிக்கிறார் என்றேன். அம்மா நெடுநேரம் கூரையைப் பார்த்தார். பிறகு நடுங்குகிற வலக்கையை மெல்லத் தூக்கி, ஐந்து விரலையும் குவித்து, வாயருகே கொண்டு போனார். என் முகத்தைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். வீட்டுக்கு வந்தவரிடம் சாப்பிட்டாயா என்று நாம் கேட்பதில்லையா, அப்படி. கை சோர்ந்து விழுந்தது, மறுபடியும் தூக்கி அதையே காட்டினார். நான் கண்டது இவ்வளவுதான். கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை. சல்மனுக்கு இதை அப்படியே செய்து காட்டு.

சல்மன்தான் எழுதவேண்டும் என்று அவர் ஏன் பிடிவாதமாக நின்றார் என்பது எனக்கு இப்போதுதான் விளங்குகிறது. அவருக்கும் கணவருக்கும் எல்லாம் தெரிந்திருக்கிறது.

இனி உன் கேள்வி. என்ன பாடமாக்கினாய் என்று கேட்டாய். ஒன்றுமில்லை தம்பி. ஒரு வரிகூட இல்லை. ரிவ்கா அம்மா மாதிரி நான் எரிக்கவில்லை, பயத்தில் எரித்தேன். ஜீப் சத்தம் கேட்டதும் கொப்பியைத் திறந்தேன். முதல் பக்கத்தில் உன் பெயர், இரண்டாம் பக்கத்தில் இந்திரகுமாரின் பெயர், அவன் சைக்கிள், அவன் எங்கே ஒளித்திருந்தான் என்பது வரைக்கும். அதற்கு மேல் நான் வாசிக்கவில்லை. கவிதையா, நல்லதா என்று பார்க்கவில்லை. ஜீப் திரும்பாமல் போன பிறகு, வீணாக எரித்துவிட்டேனே என்று வெட்கம். அந்த வெட்கத்தில்தான், சரியாகத்தான் செய்தேன் என்று ஐந்து வருடம் விறைத்துக்கொண்டு இருந்தேன். நீ சிட்னிக்கு வந்து இறங்கியபோதும் எழுதாமல் இருந்தேன்.

ஜீப் வந்திருந்தால் நான் செய்தது சரி. வராதபடியால் பிழை. இரண்டையும் இனி நான்தான் சுமக்கவேண்டும். என்னை மன்னித்துக்கொள் என்று இதுவரை நான் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன்.

அக்கா


சிட்னி
31 ஜூலை 1978

அக்கா,

நேற்று போனேன். நீங்கள் எழுதியபடியே விரல்களைக் குவித்து வாயருகே கொண்டு போய், புருவத்தை உயர்த்திக் காட்டினேன். எனக்கே வெட்கமாக இருந்தது, நடிக்கத் தெரியாதவன். சல்மன் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு அதே போலத் தன் கையை வாயருகே கொண்டு போய்ப் பார்த்தார். அவர்களுடைய பழைய வீட்டுக்கு எப்போது போனாலும் கதவைத் திறந்ததும் ரிவ்கா முதலில் காட்டுவது அதைத்தானாம்.

"சூடாக இருந்தது" என்றார், என்னிடம் இல்லை, சுவரிடம். அவ்வளவுதான். பிறகு மேசையில் போய் இருந்து, வாசி என்றார். வாசித்தேன். தன் பெயரைத் தன் கையாலேயே எழுதினார். எழுதி, மை காயும் வரை ஊதினார். அதற்குப் பிறகு நிறுத்தவே இல்லை. நாற்பதும் முடிந்தது. இருபதாவதுக்குக் கடைசியில் ஒரு வெற்றுப் பக்கத்தை விட்டு, தலைப்பில் எண்ணை மட்டும் எழுதிவைத்தார். ஹெர்ஷலின் பெயரை எடுக்க விடாதவர்களுக்கு முதலில் ஒரு பிரதி போகுமாம்.

நானும் ஒன்று சொல்லிவிடுகிறேன். நீங்கள் ஒன்றும் பாடமாக்கவில்லை என்று எழுதியதை வாசித்துவிட்டு, என் கவிதைகளில் எனக்கு எத்தனை முழுதாக நினைவிருக்கிறது என்று பார்த்தேன். எழுதியவன் நான். ஒன்றே ஒன்று வந்தது, இந்திரகுமாரின் சைக்கிளைப் பற்றியது. அக்கா, அது நல்ல கவிதை இல்லை. கவிதைகளைப் பறிகொடுத்தவன் என்று ஐந்து வருடமாகப் பார்க்கிறவர்களுக்கெல்லாம் சொல்லி வந்தேன். கவிதை எழுதுவதைவிட அது சுகமாக இருந்தது. இந்திரகுமார் இப்போது லண்டனில், இரண்டு பிள்ளைகள். போன மாதம்தான் படம் அனுப்பினான். படத்தைப் பார்த்தபோது உங்களை நினைக்காமல் இருக்க எவ்வளவு பாடுபட்டேன் என்று உங்களுக்குத் தெரியாது.

வரும் வெள்ளிக்கிழமை விடிய ரயிலில் ஸ்பென்சர் ஸ்ட்ரீட் நிலையத்துக்கு வருகிறோம். சல்மனும் வருகிறார். ரிவ்காவுக்குத் தானே வாசித்துக் காட்டவேண்டுமாம். என் ரயில் நிலையத்து யிடிஷ் போதும், இனி அவள் ஒழுங்கான யிடிஷ் கேட்கட்டும் என்கிறார். பொண்டாயில் ஒரு பேக்கரியில் ரொட்டிக்குச் சொல்லி வைத்திருக்கிறார். வழியெல்லாம் ஆறிப்போகுமே என்றேன், துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வருவாராம். அவளால் சப்பித் தின்ன முடியுமா என்று உங்களிடம் கேட்கச் சொன்னார். உடனே எழுதுங்கள்.

உங்கள் தம்பி
விக்னா


மெல்பேண்
2 ஓகஸ்ட் 1978

தம்பி,

அவரால் சப்ப முடியாது. ஆனாலும் கொண்டு வரச் சொல். இங்கே குசினியில் சூடாக்கி, பாலில் ஊறவைத்துக் கரண்டியால் கொடுப்பேன்.

நிலையத்துக்கு நான் வந்து நிற்பேன். நீ சாப்பிடாமல் வா.

அக்கா